பல் அடைக்க முதல்: எந்தப் பல்லுக்கு எந்தச் சோதனை?

ஒரே பிள்ளை, ஒரே வாய், இரண்டு வாரத்துக்குள் இரண்டு பதில். மகளுக்கு அப்போது 13 வயது. முதலில் போன கிளினிக்கில் பேனா மாதிரியான ஒரு லேசர் கருவியைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அது கீச்சிட்டது. திரையில் ஒரு பல்லுக்கு 28, மற்றதுக்கு 31 என்று எண் வந்தது. "பூச்சி தொடங்கிட்டுது அம்மா, இரண்டையும் இப்பவே அடைச்சு விடுவம்" என்றார்கள். பிள்ளைக்கு வலி இல்லை. குழி என்று ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை, பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு மட்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று எழும்பி வந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதான ஒரு பல் வைத்தியர். எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் பற்களை நன்றாகத் துலக்கிவிட்டார், பிறகு காற்றடித்து உலர்த்தினார், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் பேசாமல் பார்த்தார். கடைசியாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு எக்ஸ்ரே. "இந்த இரண்டு பல்லிலயும் வெறும் கறைதான், அடைக்கத் தேவையில்லை. ஆனால் இங்க பாருங்கோ" என்று மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் காட்டினார். பல்லின் கடினமான மேற்படையான எனாமலுக்குள் சின்னதாய் ஒரு முக்கோண நிழல். அந்த இடத்தை அதுவரை ஒருவரும் பார்க்கவே இல்லை.

இல்லாத இடத்தில் இருக்கிறது என்று சொன்னது ஒரு சோதனை. இருந்த இடத்தை அது எட்டவே இல்லை. கருவி பொய் சொன்னதா என்றால், இல்லை. அதனால் சொல்ல முடியாத ஒன்றை அதனிடம் கேட்டதுதான் பிழை. நான் பல் வைத்தியர் இல்லை, பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். ஆனாலும் அன்றைக்குப் பிறகு இதைப் பற்றி வாசித்தும், தெரிந்த பல் வைத்தியர்களைக் கேட்டும் கொஞ்சம் விளங்கிக்கொண்டேன். கிளினிக் கதிரையில் இருக்கும்போது எதைக் கேட்டு வாங்கவேண்டும், எதற்குக் காசு கொடுக்காமலும் விடலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் 'பூச்சி' என்ற சொல். அப்பம்மா காலத்தில் கண்டங்கத்தரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடிப்பார்கள், பூச்சி விழுந்துவிடும் என்று. அந்தச் சொல் இன்னும் நம் தலைக்குள் வேலை செய்கிறது. பூச்சி என்றால் உள்ளே ஒன்று இருக்கிறது, தோண்டி எடுத்துவிட வேண்டும் என்றுதான் மனம் போகும். உண்மையில் தொடக்கச் சூத்தையில் (பல் அரிப்பில்) தோண்டி எடுக்க ஒன்றும் கிடையாது. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன. அங்கே பி.எச். (அமிலம் கூடக்கூட இறங்கும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்து வெளியேறும். வாயில் அமிலம் தணிந்ததும் உமிழ்நீரில் இருந்து அவை திரும்ப வந்து படியும், புளோரைட்டு இருந்தால் இன்னும் நன்றாகப் படியும். பனங்கட்டியைக் கடித்துக்கடித்து ஒரு நாளைக்கு ஐந்து தரம் தேத்தண்ணீர் குடிக்கிற வாயில் திரும்பிப் படிவதற்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். மேற்பரப்பு உடைந்து குழி விழும்வரை இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் போகும். அந்தக் கட்டத்துக்குள் கண்டுபிடித்தால் துளைக்காமலே நிறுத்தலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிறது என்பது சீக்கிரமாகத் துளைப்பதற்காக இல்லை.

ஆகவே கருவியின் பெயரைக் கேட்க முதல் கேட்க வேண்டியது, பல்லின் எந்தப் பக்கம் என்பது. கடைவாய்ப் பல்லின் மேலே உள்ள பள்ளங்கள், இரண்டு பற்கள் தொடும் இடை, முரசுக்கு (ஈறுக்கு) பக்கத்து மழமழப்பான பரப்பு, முரசு இறங்கி வெளியே தெரியும் வேர், பழைய அடைப்பின் ஓரம் என்று சூத்தை தொடங்கும் இடங்கள் பல. இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் சோதனை இன்றுவரை இல்லை.

கண்ணால் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் குறைவாக மதிக்கிறார்கள். "சும்மா பாத்திட்டு விட்டவர்" என்று ஒரு குறை சொல்வோமே, அது. வடை சுற்றிய பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஊடுதெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பேப்பரின் நார்களுக்கு இடையில் காற்று இருந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும், அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பினால் ஒளி ஊடே போகும். எனாமலும் அப்படித்தான். கனிமம் கரைந்த இடத்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவை ஈரமாக இருக்கும்வரை பல் நல்ல பல் மாதிரியே தெரியும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிமுறிவுச் சுட்டி எனாமலுக்கு ஏறக்குறைய 1.62, நீருடையது 1.33, காற்றுடையது 1. நீர் போய்க் காற்று நுழைந்ததும் வித்தியாசம் கூடுகிறது, சுண்ணாம்பு நிறத்தில் ஒரு புள்ளி எழும்பி வருகிறது. உலகம் முழுவதும் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் ஐ.சி.டி.ஏ.எஸ். என்ற 0 முதல் 6 வரையான தரப்படுத்தலில், ஐந்து செக்கன் காற்றடித்த பிறகு மட்டும் தெரியும் மாற்றம் 1. ஈரத்திலேயே தெரிந்தால் 2. ஐந்து செக்கன் காற்று அடித்தாரா இல்லையா என்பதிலேயே ஒரு முழு நிலை தவறிப்போகலாம்.

எனவே நல்ல வெளிச்சம், துலக்கிய பல், காற்று ஆகிய மூன்றும் இருந்தால் கண்ணே முதற்தரக் கருவி. போதனா வைத்தியசாலையிலோ, பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலோ, ஊர்க் கிளினிக்கிலோ இதைச் செய்யலாம், அரச இடங்களில் இதற்குக் காசும் இல்லை. பள்ளத்துக்கும் முரசோரத்துக்கும் இதைவிட மேலாக ஒன்று பெரும்பாலும் தேவைப்படாது. இன்னொன்று: கண்ணுக்கு மட்டும்தான் நடந்துகொண்டிருக்கும் சூத்தையையும் நின்றுபோன சூத்தையையும் ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். நடந்துகொண்டிருப்பது மங்கலாக, சுண்ணாம்பு மாதிரி, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நின்றுபோனது பளபளப்பாக, கடினமாக, சில வேளை கபில நிறமாக இருக்கும். மகளின் அந்தக் கறுப்புக் கோடும் பளபளப்பானதுதான்.

வெள்ளைப் புள்ளி எல்லாமே சூத்தையும் இல்லை. வவுனியா, அநுராதபுரம் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைட்டு கூட. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு முப்பதைத் தொட்டவர்கள், அதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலருக்கு முன்பற்களில் வெள்ளைக் கோடுகளோ கபிலத் திட்டுகளோ இருக்கும். அது பல் உருவாகும் வயதிலேயே வந்தது. இடது பல்லில் இருந்தால் வலது பல்லிலும் அதே மாதிரி இருக்கும், பல் முழுதும் மெல்லிய கோடாகப் பரவியிருக்கும். சூத்தை முரசோரம் அழுக்குப் படியும் இடத்தில் பிறை வடிவில் நிற்கும், சோடி பார்ப்பதில்லை. ஊர் எது, சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு பல் வைத்தியர் கேட்டால் அது ஊர்க்கதை இல்லை.

கூரான கொக்கியால் குத்திப் பார்ப்பது நம் எல்லோருக்கும் ஞாபகம். கொக்கி மாட்டினால் சூத்தை என்று ஒரு காலத்தில் படிப்பித்தார்கள். பள்ளம் ஒடுக்கமாக இருந்தாலே கொக்கி மாட்டும், சூத்தை இருக்கத் தேவையில்லை. அதைவிடக் கவலையான விடயம், மேற்பரப்பு மட்டும் மிஞ்சி உள்ளே மென்மையாகிப்போன இடத்தை அழுத்திக் குத்தினால் அந்த மேற்பரப்பு உடைந்துவிடும். திரும்பி வரக்கூடியதாய் இருந்ததை நாமே குழியாக்கிவிடுகிறோம். இன்றைக்கு நுனியில் சின்ன உருண்டை உள்ள கருவியால் மெதுவாகத் தடவிப் பார்க்கும் முறைதான் பரிந்துரைக்கப்படுகிறது. பிள்ளையின் பல்லில் கூர்க்கொக்கியை அழுத்துவதைக் கண்டால் மரியாதையாக ஒரு சொல் சொல்லலாம். பெரியவர்களின் வேர்ச் சூத்தைக்கு மட்டும் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கண் தோற்கும் இடம் இரண்டு பற்களுக்கு இடை. அங்கேதான் பைட்விங் எக்ஸ்ரே. சின்னப் படத்தட்டை நாக்குப் பக்கம் வைத்து, அதிலிருந்து நீளும் செட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள், பெயரும் அதிலிருந்தே வந்தது. 1925ல் ஹோவர்ட் ரைலி ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் அறிமுகப்படுத்திய முறை, நூறு வருடம் தாண்டியும் இதன் இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை. மேல், கீழ்ப் பற்களின் தலைப்பகுதி ஒரே படத்தில், தொடும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விழும். நிழல் எனாமலின் வெளிப்பாதியிலா, உட்பாதியிலா, அதற்கு அடியில் உள்ள மென்மையான படையான டென்டினுக்குள் இறங்கிவிட்டதா என்று அளந்து சொல்லலாம். பழைய அடைப்பின் அடியில் நடப்பதும் தாடை எலும்பின் மட்டமும் கூடவே தெரியும்.

குறைகளும் உண்டு. கனிமம் ஏறக்குறைய 30 – 40 வீதம் போன பிறகுதான் படத்தில் நிழல் விழும், ஆகவே மிகத் தொடக்கத்தை எக்ஸ்ரேயும் தவறவிடும். படத்தில் தெரிவதைவிட உள்ளே கொஞ்சம் ஆழமாகத்தான் இருக்கும். பள்ளத்துத் தொடக்கச் சூத்தைக்கு இது பெரிதாக உதவாது, இரண்டு பக்கமும் தடித்த எனாமல் அதை மறைத்துவிடும். அப்புறம், நிழல் இருப்பதை வைத்து மேற்பரப்பு உடைந்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனாமலுக்குள் நிற்கும் நிழல்களில் பெரும்பாலானவை உடையாதவை. நிலையான பல்லில் அது டென்டினைத் தொடப் பல வருடங்கள்கூட எடுக்கலாம். பால்பல்லின் எனாமல் மெல்லியது, அங்கே வேகம் கூட.

கதிர்ப் பயம் எனக்கும் இருந்தது. டிஜிட்டல் முறையில் இரண்டு பைட்விங் எடுத்தால் கிடைக்கும் கதிர், மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் இயல்பாக நம் உடம்புக்கு ஓரிரு நாளில் வந்து சேரும் அளவுக்குள் அடங்கும். ஈயக் கவசம் போடவில்லையே என்று சண்டை பிடிக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன், நானும் ஒருத்தி. 2024ல் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம், எக்ஸ்ரே கதிர்க்கற்றையைச் சரியாக ஒடுக்கி எடுத்தால் கவசமும் கழுத்துப் பட்டியும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதற்காக ஒவ்வொரு தரமும் எடுக்கவும் வேண்டாம். அடிக்கடி சூத்தை விழும் பிள்ளைக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருக்கால், வாய் நன்றாக இருக்கும் பெரியவருக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருக்கால். பற்களுக்கு இடையில் இடைவெளி விட்டிருக்கும் சின்னப் பிள்ளைக்கு, கண்ணாலேயே தெரிவதால், எடுக்கவே தேவையில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காக எடுத்த ஓ.பி.ஜி. (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) நிறையப் பேர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. "முழு வாயும் இதில இருக்குத்தானே, பிறகேன் இன்னொன்று" என்று கேட்பது நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஓ.பி.ஜி. ஞானப்பல்லுக்கும் தாடைக்கும் நல்லது. தொடும் இடங்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழும், நுணுக்கமும் போதாது. பெரிய படம் என்பதால் நல்ல படம் ஆகிவிடாது.

எக்ஸ்ரேக்குப் போட்டியாக வந்த முறைகளில் எனக்கு மதிப்பு உள்ளது ஒளி ஊடுருவல். முன்பற்களுக்கு இது மிக எளிது. பின்னால் இருந்து வெளிச்சம் அடித்தால் நல்ல எனாமல் ஒளியை விடும், சூத்தை ஒளியைச் சிதறடித்துக் கறுப்பாக நிற்கும். எந்தக் கிளினிக்கிலும் உள்ள விளக்கும் கண்ணாடியும் போதும், முன்பல்லுக்கு எக்ஸ்ரே கேட்கவே தேவையில்லை. கடைவாய்ப் பல்லுக்கு, கண்ணுக்குத் தெரியாத, 780 நனோமீற்றர் அளவிலான ஒளியும் ஒரு சின்னக் கமராவும் கொண்ட கருவிகள் இருக்கின்றன. பற்களுக்கு இடையில் எனாமல் அளவில் நிற்கும் சூத்தையைப் பிடிப்பதில் அவை கெட்டித்தனம். டென்டினுக்குள் எவ்வளவு ஆழம், நரம்புக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை, முரசுக்குக் கீழும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே ஆபத்து என்று இல்லை, ஆனால் மனம் ஒப்பாதவருக்கு இந்தக் கருவி கிடைத்தால் நல்ல மாற்று.

இனி அந்த லேசர்ப் பேனா. 655 நனோமீற்றர் சிவப்பு ஒளியைப் பல்லில் அடிக்கும். சூத்தையில் குடியிருக்கும் கிருமிகளின் கழிவில் போர்பிரின் என்ற பொருட்கள் உண்டு, அவை அந்த ஒளியை வாங்கி வேறு அலைநீளத்தில் திருப்பிவிடும். திரும்பி வருவதை 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும். அதாவது அது கனிமம் போனதை அளப்பதில்லை, கிருமியின் கழிவைத்தான் மணக்கிறது. தேத்தண்ணீர்க் கறை, வெற்றிலைக் கறை, பற்காறை, துலக்கும்போது மிஞ்சிய பசை, சில அடைப்புப் பொருட்கள் எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். எங்கள் பிள்ளைக்கு அன்று பல்லைத் துலக்காமலே பார்த்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. எந்த எண்ணுக்கு மேலே என்ன செய்ய வேண்டும் என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறுகிறது. ஒரு தனி எண்ணை வைத்துத் துளைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே பல்லை, துலக்கி உலர்த்திவிட்டு, அதே கருவியால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பார்த்து, எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனித்தால் அது பயனுள்ள செய்தி. பள்ளத்தில் மேலே மூடி உள்ளே அரிக்கும் சூத்தை இருக்குமோ என்ற சந்தேகத்தில் இரண்டாவது அபிப்பிராயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை அதிகம் நீட்டத் தேவையில்லை. 405 நனோமீற்றர் நீல ஊதா ஒளியில் படம் எடுக்கும் முறையில் நல்ல பல் பச்சையாக ஒளிரும், கனிமம் போன இடம் மங்கும், பழைய அழுக்கு சிவப்பாக எரியும். பிள்ளைக்குத் தன் வாய் அழுக்கைக் காட்டிப் பயமுறுத்த இதைவிட நல்லது இல்லை. பல்லின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவிகளும் உண்டு. துளைவிட்ட எனாமலில் ஈரம் இருப்பதால் மின்சாரம் கூடக் கடத்தும். புதிதாய் முளைத்த பல்லும் கூடக் கடத்தும் என்பதால் பிள்ளைகளில் தடுமாறும். சாயம் பூசிப் பார்க்கும் முறை தொடக்கச் சூத்தைக்கானதே இல்லை. துளைத்த பிறகு அழுகல் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க 1970களில் யப்பானில் வந்தது, நல்ல டென்டினையும் அது சிவக்க வைக்கும். செயற்கை நுண்ணறிவு பைட்விங் படத்தில் வட்டம் போட்டுக் காட்டுவது இப்போது வரத் தொடங்கியிருக்கிறது. களைத்துப்போன கண்ணுக்குத் துணை. சரியாக எடுக்காத படத்தை அதாலும் திருத்த முடியாது.

மிக மலிவான ஒன்றை விட்டுவிடக் கூடாது. பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்கள் போடும் நீல றப்பர் வளையம் தெரியும்தானே. சந்தேகமான இரண்டு பற்களுக்கு இடையில் அதை ஓரிரு நாள் விட்டால் பற்கள் கொஞ்சம் விலகும். அப்புறம் நேரே பார்க்கலாம், மெதுவாகத் தடவலாம். நிழல் டென்டின் வாசலில் நிற்கிறது, மேற்பரப்பு உடைந்ததா இல்லையா தெரியவில்லை என்ற இழுபறிக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை. பிள்ளை இரண்டு நாள் முறைப்பாடு சொல்லும், அவ்வளவுதான்.

ஆறு வயதில் நிலையான கடைவாய்ப் பற்களில் முதலாவது முளைக்கும். பால்பல் எதுவும் விழாமல் பின்னால் வருவதால் பல தாய்மார் அதுவும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அந்த வயதுக்குக் காற்றும் கண்ணும், ஆழமான பள்ளம் என்றால் அதை மூடும் சீலன்ட் பூச்சு. பன்னிரண்டு வயதில் அடுத்த பல் வந்து இடைகள் இறுகிய பிறகு ஒரு சோடி பைட்விங்குக்குக் காசு ஒதுக்குவேன், லேசருக்கு ஒதுக்க மாட்டேன். அறுபது தாண்டிய, வெற்றிலை போடுகிற, முரசு இறங்கிய அம்மாவுக்கு வேர்தான் கவலை. வேர்ப்பரப்பு எனாமலைவிடக் குறைந்த அமிலத்திலேயே கரையத் தொடங்கும். அங்கே நிறம் ஏமாற்றும், தடவிப் பார்த்துத் தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. லேசர் எண் அந்த வாயில் வெற்றிலையைத்தான் வாசிக்கும்.

கதிரையில் இருக்கும்போது நான் இப்போது கேட்பது ஒரு கேள்விதான்: "டொக்டர், இந்தச் சோதனையின் முடிவு எப்படி வந்தால் என்ன செய்வீங்கள்?" நிழல் எனாமலுக்குள் நின்றால் புளோரைட்டு வார்னிஷ், பல்லிடை நூல், சீனி குறைப்பு, வசதி இருந்தால் துளைக்காமல் எனாமலின் நுண்துளைகளுக்குள் பிசின் ஊட்டுவது. உடைந்து குழி விழுந்திருந்தால் அடைப்பு. எப்படி வந்தாலும் அடைக்கத்தான் போகிறார் என்றால் அந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது வீண். இதைக் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு பேர் கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்தினார்கள். படத்தின் பிரதியையும் போனில் வாங்கி வைத்துக்கொள்வேன், அடுத்த படத்தோடு வைத்துப் பார்க்கப் பழைய படம் வேண்டும்.

மகளின் அந்த முக்கோண நிழலுக்கு வார்னிஷ் பூசினார்கள். நூல் போடச் சொல்லி ஒவ்வொரு இரவும் வீட்டில் ஒரு சின்னப் போர். ஒரு வருடம் கழித்து அதே பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பைட்விங். வயதான வைத்தியர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நிழல் அதே அளவு. கீழே அந்தக் கறுப்புக் கோடுகளும் அப்படியே, பளபளவென்று. அடுத்த படம் பதினெட்டு மாதம் கழித்து என்று எழுதித் தந்தார். திரும்பி வரும் வழியில் நல்லூரில் ஐஸ்கிரீம் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.